காய்ந்த காட்டில் தண்ணீர் எங்கே? விலங்குகளையும் பறவைகளையும் கவனித்துக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

மாசி பிறந்துவிட்டால் சீகூர் பீடபூமியின் காடு நிறம் மாறத் தொடங்கும். நீலகிரிக்கு வடக்கே மழை மறைவில் கிடக்கும் நிலம் அது. தென்மேற்குப் பருவமழை மேற்கு முதுமலையை நனைத்துவிட்டு இங்கே வந்து சேர்வதற்குள் வலுவிழந்துவிடுகிறது. மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். அந்தப் பக்கத்து மக்கள் 'பள்ளம்' என்று சொல்லும் ஓடைகள் வெறும் மணலாகக் கிடக்கும். வரைபடத்தில் நீலக்கோடு இருக்கும், போய்ப் பார்த்தால் சொட்டு நீர் இருக்காது. ஆனாலும் அதே காட்டில் புள்ளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன, யானைகள் குட்டிகளோடு நடமாடுகின்றன, புறாக்கள் விடியலில் பறக்கின்றன. இவையெல்லாம் தினமும் எங்கோ தண்ணீர் குடித்தாக வேண்டும். அந்த இடத்தை அவற்றைக் கொண்டே கண்டுபிடிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். சீகூர், மோயாற்றுப் பள்ளத்தாக்கு, சத்தியமங்கலம் போன்ற வறண்ட இலையுதிர் காடுகளை மனத்தில் வைத்து எழுதியது இது.

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும். 'பறவை பறக்கும் திசையில் போனால் நீர் கிடைக்கும்' என்ற அறிவுரை ஆபத்தானது. எல்லா உயிரும் தினமும் நீர் குடிப்பதில்லை. குடிப்பவையும் எந்நேரமும் நீரை நோக்கிப் போவதில்லை. ஒற்றை அடையாளத்தை நம்பி வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் உடம்பில் மிச்சமிருக்கும் நீரும் வியர்வையாகப் போய்விடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று சாட்சிகள் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். நிலத்தின் அமைப்பும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் கால் எடுத்து வைக்கலாம்.

இன்னொன்று சட்டம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். தீ அபாயத்தால் கோடையில் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடுவதும் உண்டு. எனவே இது அனுமதியோடு போய், வழி தவறியோ கையிருப்பு தீர்ந்தோ சிக்கிக்கொண்டவர்களுக்கும், காட்டில் வேலை செய்பவர்களுக்கும் உரியது.

படி 1: நடக்காமல் உட்காருங்கள்

தண்ணீர் தீர்ந்தது என்று தெரிந்ததும் எல்லோரும் செய்வது வேகமாக நடப்பது. அதைச் செய்யாதீர்கள். கடும் வெயிலில் உழைக்கும் உடம்பு மணிக்கு 1 லிட்டர் வரைகூட வியர்வையை இழக்கும். நீங்கள் போன பாதை பிறருக்குத் தெரியும், தேடி வருவார்கள் என்றால், நிழலில் அங்கேயே இருப்பதுதான் பெரும்பாலும் சரியான முடிவு.

தேடித்தான் ஆக வேண்டும் என்றாலும் நேரம் பார்த்துத் தேடுங்கள். வறண்ட காட்டில் விலங்குகளும் பறவைகளும் அதிகம் நடமாடுவது விடிந்த முதல் இரண்டு மூன்று மணி நேரமும் பொழுது சாயும் நேரமும்தான். மனிதன் நடப்பதற்கு வெப்பம் இடம் கொடுப்பதும் அதே நேரங்களில்தான். நடுப்பகல் ஓய்வுக்கும் யோசனைக்கும் உரியது.

படி 2: நிலத்தைப் படியுங்கள்

கொஞ்சம் மேடான, பார்வை எட்டும் இடத்தில் இருந்து தாழ்வான கோட்டைத் தேடுங்கள். காடு முழுக்கப் பழுப்பாக இருக்கையில் ஒரு கோட்டில் மட்டும் பச்சை தெரிந்தால் அது ஓடைக்கரை. நீர்மருது, புங்கு, நாவல், அத்தி ஆகியவை ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் செழிப்பவை. வெளிறிய வழவழப்பான பட்டையோடு ஓங்கி நிற்கும் நீர்மருதை ஒருமுறை அடையாளம் கண்டவர் பிறகு எப்போதும் மறக்கமாட்டார். பச்சைக்கோடு இருப்பதால் மேலே நீர் ஓடுகிறது என்று ஆகாது. வேர் எட்டும் ஆழத்தில் ஈரம் இருக்கிறது என்பது மட்டும் உறுதி. அந்தக் கோட்டில் எந்த இடத்தில் நீர் மேலே வருகிறது என்பதைத்தான் விலங்குகள் சொல்ல வேண்டும்.

படி 3: யாரை நம்பலாம், யாரை விடலாம்

இந்தப் படியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஓர் உயிரைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்வி: இதற்கு நீர் எங்கிருந்து வருகிறது?

கழுகு, வல்லூறு, ஆந்தை போன்ற வேட்டைப் பறவைகள் இரையின் உடம்பிலிருந்தே தேவையான நீரில் பெரும்பகுதியைப் பெற்றுவிடுகின்றன. பூச்சி தின்னும் கரிச்சானும் பஞ்சுருட்டானும் ஏறக்குறைய அப்படித்தான். வானில் வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகு வெப்பக் காற்றையோ செத்த விலங்கையோ காட்டும், நீரைக் காட்டாது. பல்லி, ஓணான், பாம்பு எதையும் சொல்லாது. தளிரும் காயும் தின்னும் மந்தி பல நாள் நீரின்றிச் சமாளிக்கும். திறந்தவெளியில் வாழும் வெளிமானும் நீர் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் தாக்குப்பிடிக்கும். முயலையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

நம்பத்தக்கவை வேறு. காய்ந்த விதை தின்னும் பறவைகளுக்கு உணவில் நீரே இல்லை. அவை குடித்தே ஆக வேண்டும். புல் மேயும் பெரிய விலங்குகளும் அப்படியே. புள்ளிமான் கோடையில் நீரைவிட்டு வெகுதூரம் விலகுவதில்லை. காட்டுமாடும் தவறாமல் நீருக்கு வரும். யானைக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் தேவைப்படும். கடமானும் குடிக்கும், ஆனால் பெரும்பாலும் இரவில் வருவதால் நேரில் காண்பது அரிது, தடத்தில்தான் தெரியும்.

படி 4: விடியலில் பறவைகளைப் பாருங்கள்

சூரியன் எழும் முன்பே ஒரு திறந்த இடத்தில் அமர்ந்துவிடுங்கள். மலைச்சரிவு பின்னால் இருந்தால் நல்லது. கவனிக்க வேண்டியவை புள்ளிப்புறா, தவிட்டுப்புறா, சில்லைகள். சமவெளியை ஒட்டிய புதர்க்காடுகளில் கல்கௌதாரியும் உண்டு. காலையில் கூட்டம் கூட்டமாகக் கூவிக்கொண்டே நீருக்கு வரும் பறவை அது. ஆண் கல்கௌதாரி வயிற்றுச் சிறகுகளை நீரில் தோய்த்து, அந்த ஈரத்தைக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். ஆனால் அது நீருக்காகப் பல கிலோமீட்டர் பறக்கக்கூடியது. ஆகவே அதன் திசையை நம்பலாம், தூரத்தை நம்ப முடியாது. புறாவும் சில்லையும் பக்கத்து நீரைத்தான் பெரும்பாலும் நாடும்.

ஒரு புறா பறந்தால் அதற்குப் பொருள் இல்லை. ஐந்தாறு புறாக்கள், தனித்தனியாகவோ இணையாகவோ, ஒரே கோட்டில் ஒரே தாழ்வை நோக்கி இறங்கி, சில நிமிடங்களில் அதே கோட்டில் திரும்பினால் அது பேசுகிறது. இரை தேடும் பறவை அலைந்து திரியும், வழியில் இறங்கும், மரம் மாறும். நீருக்குப் போகும் பறவை நேராகப் போகும். எனவே 'எங்கே போகிறது' என்பதோடு 'எங்கே மறைகிறது' என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது மறையும் இடத்தில் தெரியும் ஒரு மரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு, நூறு இருநூறு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து அமர்ந்து, அங்கிருந்தும் அதே பறப்பைப் பாருங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் தேட வேண்டும். இந்தச் சிறிய வேலை உங்களுக்குப் பல மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

பறவைகளில் ஏமாற்றுபவையும் உண்டு. மீன்கொத்தியைக் கண்டதும் நீர் அருகில் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். நம் ஊர்களில் அதிகம் தென்படும் வெண்மார்பு மீன்கொத்தி ஓணானையும் வெட்டுக்கிளியையும் தின்றே வாழக்கூடியது. நீரிலிருந்து வெகுதொலைவிலும் அது கம்பியில் அமர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையளவே இருக்கும் சிறு நீல மீன்கொத்தியும், கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் அப்படியல்ல. மீனை நம்பி வாழ்பவை அவை, அருகில் உண்மையான நீர் இருந்தாக வேண்டும். ஆள்காட்டியிலும் இதே வேறுபாடு. கண்ணுக்கு முன்னே சிவப்புத் தோல் உள்ள ஆள்காட்டி பெரும்பாலும் நீரை ஒட்டிய திறந்தவெளியில் இருக்கும்; மஞ்சள் தோல் உள்ளது வறண்ட வெளியையே விரும்பும். ஒரே குரல் குடும்பம், நேர் எதிர்ச் செய்தி. பாறைகளுக்கிடையே வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் வெண்புருவ வாலாட்டி ஆண்டு முழுவதும் ஆற்றையும் குளத்தையும் விட்டு நீங்காதது. என் கணிப்பில், பத்துப் புறாக்களைவிட ஒரு வெண்புருவ வாலாட்டி மேலான சாட்சி.

படி 5: தடம், சாணம், சேறு

விலங்கு கண்ணில் படாவிட்டாலும் அது நடந்த வழி கிடக்கும். மேய்ச்சல் நிலத்தில் தடங்கள் சிதறிக் கிடக்கும். நீரை நெருங்க நெருங்க, இலையின் கிளைநரம்புகள் நடுநரம்பில் வந்து சேர்வதுபோல் அவை ஒன்றோடொன்று சேர்ந்து அகலமாகும். இரண்டு தடங்கள் சேரும் இடத்தில் அந்தக் கூம்பின் முனை காட்டும் திசையில் போங்கள். போகப் போகப் புழுக்கையும் சாணமும் இலத்தியும் கூடினால் சரியான வழி. குறைந்தால் எதிர்த்திசையில் போகிறீர்கள்.

இதிலும் இரண்டு பொறிகள் உண்டு. விலங்குகள் உப்பு மண்ணை நக்கவும் ஒரே இடத்தில் கூடும்; அங்கும் தடங்கள் இப்படியே சேரும். தோண்டி நக்கிய மண்சுவரும் நாக்குத் தேய்ந்த பள்ளமும் தெரிந்தால் அது உப்பு மண். இரண்டாவது, வனத்துறை கட்டிய தண்ணீர்த் தொட்டி. கோடையில் லாரியில் நீர் கொண்டுவந்தும் சூரிய மின்சக்தி மோட்டார் மூலமும் இவற்றை நிரப்புகிறார்கள். தடங்கள் அதை நோக்கியும் சேரும், ஆனால் அது வறண்டும் கிடக்கலாம். தொட்டியில் நீர் இருந்தால் உங்களுக்கு நல்வாய்ப்பு. அதைவிட முக்கியம், தொட்டி இருந்தால் வண்டிப்பாதையும் இருக்கும், அந்தப் பாதை மனிதர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தடத்தைவிடத் தெளிவாகப் பேசுவது சேறு. யானை குடித்து முடித்ததும் சேற்றை வாரி உடம்பில் பூசிக்கொள்ளும், பிறகு போகிற வழியில் மரத்தில் உரசும். காட்டுப்பன்றியும் கடமானும் சேற்றில் புரண்டு எழுந்து அப்படியே செய்யும். பன்றியின் சேறு முழங்கால் உயரத்தில் இருக்கும், யானையின் சேறு உங்கள் தலைக்கும் மேலே இருக்கும். மரத்தில் அப்பிய சேற்றைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்து வெடித்துத் தூளானால் அது பழைய செய்தி; அந்தக் குட்டையே வற்றியிருக்கலாம். விரலில் ஈரம் ஒட்டினால் சில மணி நேரத்துக்குள் நடந்தது. அடுத்தடுத்த மரங்களைப் பாருங்கள். எந்தப் பக்கம் பூச்சு தடிமனாகவும் ஈரமாகவும் ஆகிறதோ அந்தப் பக்கம் சேற்றுக்குழி. எந்தப் பக்கம் மெலிந்து மறைகிறதோ அந்தப் பக்கம்தான் விலங்கு போயிருக்கிறது. இந்த ஓர் அடையாளம் நீரின் திசை, அதன் புதுமை, வந்த விலங்கு எது, அது இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என நான்கையும் சேர்த்துச் சொல்கிறது. இத்தனை சொல்லும் வேறோர் அடையாளத்தை நான் அறியேன்.

ஈரச் சேறு என்றால் யானை பக்கத்தில் இருக்கலாம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் பத்தடி தூரத்தில் நிற்கும் யானையும் தெரியாது, கரடியும் தெரியாது. அப்படிப்பட்ட புதர் வழியாகச் சேற்றைத் தொடராதீர்கள், சுற்றிப் போங்கள்.

படி 6: சிறிய உயிர்கள் தூரத்தைச் சொல்லும்

பெரிய விலங்கு திசையைத் தரும், பூச்சி நெருக்கத்தைத் தரும். கடைசி சில நூறு மீட்டரில் இவைதான் உதவும்.

தேனீக்கள் கோடையில் கூட்டைக் குளிர்விக்க நீர் சுமக்கின்றன. அடைமீது நீரைப் பரப்பிச் சிறகால் விசிறி ஆவியாக்குகின்றன. வெகுதூரத்திலிருந்து நீர் சுமப்பது கட்டாது என்பதால் கிடைக்கும் பக்கத்து நீரையே நாடும். ஆனால் பூவில் மொய்க்கும் தேனீ நீரைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ஈரப் பாறையிலோ பாசியிலோ மணலிலோ பல தேனீக்கள் அமர்ந்து உறிஞ்சினால்தான் செய்தி. அந்த ஈரம் எங்கிருந்து கசிகிறது என்று மேல்நோக்கித் தேடுங்கள். மலைத்தேனீயின் கூட்டை எந்தக் காரணத்துக்காகவும் நெருங்க வேண்டாம்.

மண்ணால் கூடு கட்டும் குளவி வாயில் ஈரமண் உருண்டையோடு பறந்தால் அருகே சேறு இருப்பது உறுதி. தகைவிலான் குருவிகள் சேறு கொண்டு கூடு கட்டும்போதும் அதே பொருள். வண்ணத்துப்பூச்சிகள் ஓடை மணலில் திட்டாக அமர்ந்து உறிஞ்சினால், அந்தத் திட்டின் அடியில் ஈரம் உண்டு. தோண்டிப் பார்க்கத்தக்க இடம். ஓடைக்கரையில் நண்டு வளையைக் கண்டால் அதன் வாயைப் பாருங்கள். புதிதாகத் தள்ளிய ஈரமண் இருந்தால் நீர்மட்டம் ஆழத்தில் இல்லை.

தும்பியை மட்டும் அளவோடு நம்புங்கள். முட்டையிட நீர் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கூட்டமாகத் தெரியும் மஞ்சள் நிறத் தும்பி இந்தியப் பெருங்கடலையே தாண்டிப் பயணம் செய்யும் இனம். உலர்ந்த மைதானத்தின் மேலும் அது பறக்கும். மெல்லிய உடம்பும், அமரும்போது சிறகை மூடிக்கொள்ளும் வழக்கமும் உள்ள ஊசித்தட்டான் அவ்வளவு தூரம் போவதில்லை. இரண்டில் ஊசித்தட்டானைத் தேடுங்கள். மரத்தில் ஏறும் எறும்பு வரிசை மரப்பொந்து நீரைக் காட்டும் என்ற பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை. எறும்பு மரமேற ஆயிரம் காரணங்கள் உண்டு. அட்டை இருந்தால் ஈரமான இலைச்சருகு இருக்கிறது, அவ்வளவே.

படி 7: இரவில் கேளுங்கள், நகராதீர்கள்

இரவின் அமைதியில் தவளைக் குரல் தொலைவுக்குக் கேட்கும். கோடையில் ஒரே திசையிலிருந்து தொடர்ந்து கேட்டால் அங்கே நின்ற நீர் இருக்கலாம். இரண்டு கற்களை அந்தத் திசையில் வரிசையாக வைத்துவிட்டு விடியும்வரை காத்திருங்கள். இருட்டில் நீரை நோக்கி நடப்பது, யானையும் சிறுத்தையும் நடக்கும் வழியில் நீங்களும் நடப்பது.

படி 8: மணல் ஆற்றில் யானை தோண்டிய ஊற்று

பல நேரம் எல்லாச் சாட்சிகளும் உங்களை ஒரு காய்ந்த மணல் ஓடையில் கொண்டுவந்து நிறுத்தும். ஏமாந்துவிட்டோம் என்று திரும்பிவிட வேண்டாம். மேலே ஓட்டம் நின்ற பிறகும் மணலுக்கடியில் நீர் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். யானைக்கு அது தெரியும். முன்காலால் மணலைத் தள்ளி, துதிக்கையால் அள்ளி எறிந்து குழி தோண்டும். கசிந்து நிறையும்வரை பொறுமையாக நின்று குடிக்கும். அது போன பிறகு மானும் பறவையும் அதே குழியில் குடிக்கும்.

அப்படிப்பட்ட குழி கிடைத்தால் அதன் பக்கத்தில், இரண்டு மூன்றடி தள்ளிப் புதிதாகத் தோண்டுங்கள். பழைய குழியில் எல்லா விலங்கின் எச்சிலும் கழிவும் இருக்கும். தள்ளித் தோண்டினால் மணல் ஓரளவு வடிகட்டித் தரும். குழி கிடைக்காவிட்டால் வளைவின் வெளிப்புறக் கரையை ஒட்டிய தாழ்ந்த இடத்திலோ, ஓடைக்குக் குறுக்கே பாறை ஓடும் இடத்தில் அந்தப் பாறைக்குச் சற்று மேற்புறத்திலோ தோண்டுங்கள். அடியில் நகரும் நீரைப் பாறை தடுத்து மேலே தள்ளும். முழங்கை ஆழத்தில் மணல் இருண்டு ஈரமானால் தொடருங்கள். இரண்டடி போயும் உலர்மணலாகவே இருந்தால் அங்கே விட்டுவிடுங்கள், வியர்வைதான் செலவாகும். ஊறத் தொடங்கியதும் முதலில் வரும் கலங்கலை இறைத்துவிட்டுத் தெளியவிடுங்கள்.

படி 9: நீரை அணுகும் முறை

கோடையில் நீரிடம்தான் காட்டிலேயே ஆபத்தான இடம். நூறு மீட்டர் தள்ளி நின்று பத்து நிமிடம் கவனியுங்கள். காற்று உங்களிடமிருந்து நீரை நோக்கி அடித்தால் வேறு பக்கம் சுற்றி வாருங்கள். இல்லையென்றால் உங்கள் வாசம் முன்னே போய் விலங்கைக் கலவரப்படுத்தும். புள்ளிமானோ குரங்கோ திரும்பத் திரும்ப எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் புலியோ சிறுத்தையோ செந்நாயோ இருக்கலாம், காத்திருங்கள். யானை இருந்தால் அது குடித்து, குளித்து, போகும்வரை அந்த நீர் அதனுடையது.

மோயாற்றின் கரையாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். அந்த ஆற்றில் முதலைகள் உண்டு. மடுவின் ஓரத்தில் குனிந்து முகம் கழுவாதீர்கள், ஆழமற்ற பாறையிடுக்கில் பாத்திரத்தால் மொள்ளுங்கள். மேலே மின் நிலையங்களிலிருந்து திறந்துவிடும் நீரால் ஆறு மழையில்லாமலே திடீரென்று உயரும். நடு ஆற்றுப் பாறையில் இளைப்பாற வேண்டாம்.

படி 10: குடிக்கத் தகுந்ததாக்குங்கள்

விலங்கு குடிக்கிறது என்பது உங்களுக்கான நற்சான்று ஆகாது. விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது காயம்பட்ட தோல் வழியாகவும் நுழையும், ஆகவே காலில் வெட்டு இருந்தால் குட்டையில் இறங்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் கிடைத்த நீரைவிட இழக்கும் நீர் அதிகமாகிவிடும்.

நெருக்கமாக நெய்த துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். பிறகு கொப்பளித்துக் கொதிக்கும் நிலையில் குறைந்தது 1 நிமிடம் வையுங்கள். 2000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் 3 நிமிடம். ஆனால் கோடைக் காட்டில் தீ மூட்டுவது குற்றம், பெருந்தீயாகவும் மாறும். இக்காரணத்தால் குளோரின் மாத்திரையோ கையடக்க வடிகட்டியோ பையில் எப்போதும் இருக்கட்டும். கலங்கலான நீரில் மாத்திரை சரியாக வேலை செய்யாது, தெளியவைத்த பிறகே போடுங்கள். மாத்திரை உறையில் எழுதிய நேரத்துக்குக் காத்திருங்கள். இந்த முறைகளை நம்பிப் பூச்சிமருந்தையும் ரசாயனத்தையும் நீக்க முடியாது. எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ சுற்றிலும் செத்த உயிர்கள் கிடந்தாலோ அந்த நீரைத் தொடாதீர்கள்.

எதுவுமே இல்லை, வேறு வழியும் இல்லை, உடம்பு தளர்கிறது என்றால் குடித்துவிடுங்கள். நீரிழப்பு இன்றே கொல்லும், கிருமிக்குப் பிறகு மருத்துவம் உண்டு. வெளியே வந்ததும் மருத்துவரிடம் எந்த நீரைக் குடித்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

தேவையான அளவு எடுத்ததும் உடனே விலகுங்கள். நீரோரத்தில் இரவு தங்குவதோ சோப்புப் போட்டுக் குளிப்பதோ கூடாது. நீங்கள் அங்கே இருக்கும்வரை தாகத்தோடு வந்த விலங்குகள் புதருக்குள் காத்துக்கொண்டிருக்கும். வழியில் வறண்ட தொட்டியைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு, முதலில் எதிர்ப்படும் வேட்டைத் தடுப்புக் காவலரிடமோ வனச் சோதனைச்சாவடியிலோ சொல்லிவிடுங்கள். ஒரு லாரி தண்ணீர் அங்கே போய்ச் சேர அந்தத் தகவல் போதும்.